‘வரை’ என்ற சொல்லை நின்று படியுங்கள்

பங்கு ஆய்வுத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

“எத்தனை பர்சென்ட்?”

2009 மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து அப்பா போனில் கேட்ட கேள்வி இது. அவர் பஞ்சாலைத் தொழிலாளி. தீபாவளிக்கு முன்னால் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதில் ஒரு சதவீதம் இருக்கும். அன்று பொழுது சாய்வதற்குள் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் கணக்கும் முடிந்துவிடும்: மளிகைக் கடைப் பாக்கி இவ்வளவு, பிள்ளைகள் துணிமணிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு. அந்தப் பழக்கத்தில்தான் மும்பையில் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் ரிசர்ச் அசோசியேட்டாக இருந்த மகனிடமும் கேட்டார்.

என் கையில் இருந்த கடிதத்தில் சதவீதமே இல்லை. சவாலான ஆண்டில் என் பங்களிப்புக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். 2007-இல் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் ‘ஆண்டுச் சம்பளத்தில் 30 சதவீதம் வரை போனஸ்’ என்று இருந்தது. எனக்கு 30 மட்டும்தான் கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் நின்ற ‘வரை’ படவில்லை. பூஜ்யமும் 30 வரைக்குள் அடங்கிய எண்தான் என்பது எனக்கு உறைக்க இரண்டு வருடம் ஆனது.

அப்ரைசல் முடிந்து கடிதத்துக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஒரு கம்பெனித் தலைவர் கான்காலில் “அடுத்த ஆண்டு 25 சதவீதம் வளர்வோம்” என்று சொன்னால் உடனே 15 என்று குறைத்து எக்ஸெலில் போடுகிறவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் சீனியர், “இந்த வருஷம் நல்லா பண்ணிருவோம்பா” என்று தேநீர் குடித்துக்கொண்டே சொன்னதை அப்படியே நம்பி மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

அப்பாவின் போனஸும் நம்முடையதும் பெயரில்தான் ஒன்று. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் அவருக்கு ஒரு தரையும் ஒரு கூரையும் போட்டுக் கொடுத்திருந்தது. கம்பெனி நட்டத்தில் ஓடினாலும் 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும். ஆண்டுச் சம்பளத்தில் அது 12-இல் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். லாபம் கொட்டினாலும் சட்டப்படி 20-தான் உச்சம். நல்ல ஆண்டில் மிஞ்சியதை அடுத்த நான்கு ஆண்டு வரை எடுத்துச் சென்று மோசமான ஆண்டை நிரப்பும் ஏற்பாடுகூட அதில் இருந்தது. தமிழ்நாட்டு அரசுப் பொதுத்துறை நிறுவனங்களில் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத் தொகை, ஆக 20 என்று தீபாவளிக்கு முன் வரும் அறிவிப்புக்கும் வேர் அங்கேதான். 2015-இல் திருத்தப்பட்டபோது அந்தச் சட்டம் வைத்த வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்கு மேல் வாங்குகிறவர்களுக்கு அந்தக் குடைக்குள் இடமில்லை. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் அந்த ஏற்பாடு போய்விட்ட பிறகும் 8.33-உம் 20-உம் அப்படியேதான் இருக்கின்றன. நாம் வெளியே நிற்பதும் அப்படியேதான் இருக்கிறது. நம்முடையது நிர்வாகம் மனம் வைத்துக் கொடுப்பது. கடிதத்தில் அதற்கென்றே ஒரு வரி இருக்கும். நிர்வாகத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது என்பார்கள். அந்த வரிக்குக் கீழேதான் நாம் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதும் அறிக்கைக்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டி வாங்குவதில்லை. மியூச்சுவல் ஃபண்டோ வெளிநாட்டு நிதி நிறுவனமோ உங்கள் டீலர் மூலம் பங்கு வாங்கி விற்கும்போது கொடுக்கும் தரகில்தான் உங்கள் அறிக்கையின் விலை ஒளிந்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டுகள் ரொக்கச் சந்தையில் 100 ரூபாய் வியாபாரத்துக்கு வரிகளையும் சேர்த்து 12 பைசா வரை தரகு கொடுக்கலாம் என்பதே நெடுங்காலம் விதி. (இங்கேயும் ஒரு ‘வரை’.) 2025 அக்டோபரில் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி அதை 2 பைசாவாகக் குறைக்கலாமா என்று கேட்டது. ஆய்வுக்கு ஃபண்டு நிர்வாகக் கட்டணத்திலும் பணம் எடுக்கிறார்கள், தரகிலும் எடுக்கிறார்கள், முதலீட்டாளர் ஒரே பண்டத்துக்கு இரண்டு முறை காசு கொடுப்பானேன் என்பது அதன் வாதம். தரகு நிறுவனங்கள் பதறின. டிசம்பரில், வரிகள் நீங்கலாக 6 பைசா என்று முடிவானது.

பைசா என்பதால் சின்னதாகத் தெரியும். ஒரு ஃபண்டு 100 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கினால் 12 பைசாக் கணக்கில் வரிகளும் சேர்ந்த தரகு 12 லட்சம். 6 பைசாக் கணக்கில் 6 லட்சம். 2 பைசா ஆகியிருந்தால் 2 லட்சம். இந்தத் தொகையிலிருந்துதான் டீலர், விற்பனைப் பிரிவு, மென்பொருள், அலுவலக வாடகை, உங்கள் சீனியர், கடைசியாக நீங்கள் என்று எல்லாரும் சாப்பிட வேண்டும். நீங்கள் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து போட்ட மாடலில் ஒரு செல் மாறவில்லை. செபி போர்டு கூட்டத்தில் ஓர் எண் மாறினால் உங்கள் போனஸ் மாறிவிடுகிறது.

ஐரோப்பாவில் இது முன்பே நடந்தது. 2018 ஜனவரி 3 முதல், ஆய்வுக்குத் தனியாகப் பணம் கொடு, தரகோடு சேர்க்காதே என்று மிஃபிட் 2 விதி வந்தது. தனியாகக் காசு எடுக்கச் சொன்னவுடன் ஃபண்டு நிறுவனங்கள் யோசிக்கத் தொடங்கின. ஆய்வுக்கு ஒதுக்கிய பணம் சுருங்கியது. சின்னக் கம்பெனிகளைப் பற்றி எழுத ஆளில்லாமல் போகிறது என்ற புகார் வலுத்தது. பிரிட்டனில் ரேச்சல் கென்ட் தலைமையில் 2023 ஜூலையில் வந்த அறிக்கை, சேர்த்துக் கொடுக்கும் வழியையும் திறந்துவிடச் சொன்னது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே அது அனுமதிக்கப்பட்டது. ஏழு ஆண்டுக்குள் ஒரு கதவை மூடித் திறந்துவிட்டார்கள். இடையில் வேலையை விட்டவர்களுக்கு யாரும் கடிதம் போட்டு அழைக்கவில்லை.

ஆகவே முதலில் பானையின் அளவைப் பாருங்கள், பிறகு உங்கள் அகப்பையின் அளவை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போய் வந்தது. அந்த ஆண்டில்தான் நான் வாழ்க்கையிலேயே அதிகம் உழைத்தேன். ஒரு கட்டுமானக் கம்பெனியின் பங்கை விற்கச் சொல்லி நானும் என் சீனியரும் எழுதியது சரியாகப் பலித்தது. வாடிக்கையாளர்கள் போன் செய்து பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் வியாபாரத்தை நிறுத்தியிருந்தார்கள். பானையே காலி. அடுத்த ஆண்டு சந்தை திரும்பியது. எனக்குப் பின்னால் சேர்ந்து, ஆறு மாதமே வேலை பார்த்த ஒரு பையனுக்கு என்னைவிட நல்ல போனஸ் வந்தது. அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் அந்த வித்தியாசம் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததில்லை. கை நிறைய வந்த வருடத்தில் உங்களை மேதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வராத வருடத்தில் உதவாக்கரை என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லார் பானையும் ஒரே அடுப்பில் இல்லை. சென்னையில் உங்களில் பலர் வெளிநாட்டு வங்கிகளின் ஆய்வுப் பிரிவுக்கு இங்கிருந்து மாடல் போட்டுக் கொடுக்கிறீர்கள். நானும் அப்படி ஓர் அலுவலகத்தில்தான் தொடங்கினேன். 2005-இல் கிரிசில் வாங்கிய இரெவ்னா போன்ற நிறுவனங்கள் இங்கே நட்டு வளர்த்த தொழில் இது. அங்கே பெரும்பாலும் நாற்காலிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். விற்கப்படுவது உங்கள் நேரம். அதனால் சந்தை விழுந்தாலும் போனஸ் அதே வேகத்தில் விழாது, சந்தை ஏறினாலும் அதே வேகத்தில் ஏறாது. தரகு நிறுவனத்தில், அதாவது செல்-சைடில், ஏற்றமும் இறக்கமும் அதிகம். ஃபண்டு நிறுவனத்தில், பை-சைடில், நிர்வகிக்கும் சொத்தின் மீது கட்டணம் வருவதால் வரவு கொஞ்சம் நிதானமானது. ஆனால் அங்கே ஆள் எடுப்பது குறைவு. போதாததற்கு, 2021 அக்டோபர் முதல் ஃபண்டு நிறுவன முக்கிய ஊழியர்களின் சம்பளத்தில் 20 சதவீதத்தை அவர்களுடைய ஃபண்டு யூனிட்டுகளாகவே கொடுத்து மூன்று ஆண்டு பூட்டிவைக்கச் சொன்னது செபி. 2025-இல்தான் சம்பள அளவுக்கேற்ப அதைத் தளர்த்தினார்கள். மூன்று இடத்து நண்பர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து “உனக்கு எவ்வளவு?” என்று ஒப்பிட்டுக் கொண்டால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். சிமென்ட் கம்பெனியின் பி.இ-யை சோப்புக் கம்பெனியின் பி.இ-யோடு ஒப்பிடுவீர்களா?

இனி கடிதத்தைப் பிரித்துப் படிப்போம். 12 லட்சம் சி.டி.சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 2 லட்சம் வேரியபிள். மிச்சம் 10 லட்சம் ஃபிக்ஸட். அதில் பாதி, 5 லட்சம், அடிப்படைச் சம்பளம் என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப் 12 சதவீதம், 60,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், சுமார் 24,000. இவை இரண்டும் உங்கள் சி.டி.சி-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் பங்கு பி.எஃப் இன்னொரு 60,000 பிடித்தம். மீதி 8,56,000. மாதத்துக்கு 71,000 ரூபாய்ச் சொச்சம். தொழில் வரியையும் மருத்துவக் காப்பீட்டையும் இன்னும் தொடவில்லை. 12 லட்சத்தை 12-ஆல் வகுத்து மாதம் ஒரு லட்சம் என்று ஊரில் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? அந்த 29,000 இப்படித்தான் காணாமல் போகிறது. பி.எஃப் உங்கள் பணம்தான், என்றைக்காவது வரும். கிராஜுவிட்டிக்கோ பொதுவான விதி ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாறும் நம் தொழிலில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம்.

நல்ல சேதி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக் கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை. மேலே சொன்ன கணக்கில் வேரியபிள் முழுதும் வந்தாலும் வரி விழாது. சம்பளம் அதைத் தாண்டியவர்களுக்கு போனஸ் வந்த மாதம் பிடித்தம் பெரிதாகத் தெரியும். போனஸுக்கென்று தனி வரி கிடையாது, அதுவும் சம்பளம்தான்.

வேலை மாறும்போது இதே கணக்கை இன்னும் கூர்மையாகப் போடுங்கள். மேலே சொன்ன 12 லட்சக்காரருக்கு 30 சதவீத ஹைக் என்று 15.6 லட்சம் தருகிறார்கள். பிரித்துப் பார்த்தால் ஃபிக்ஸட் 11.6, வேரியபிள் 4. வீட்டில் 30 சதவீதம் என்று இனிப்பு வாங்கியாகிவிட்டது. உறுதியான பணத்தில் ஏறியது 16 சதவீதம்தான். நிறுவனத்துக்கு இது செலவில்லாத பெருந்தன்மை. எனவே எச்.ஆர் மேசையில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “கடந்த மூன்று ஆண்டில் இந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு வேரியபிளில் எவ்வளவு கையில் கிடைத்தது?” கேட்கக் கூச்சமாக இருந்தால் நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு கம்பெனி நிதி அதிகாரியிடம் கடந்த மூன்று ஆண்டு லாப வரம்பைக் கேட்க நீங்கள் ஒருநாளும் கூசியதில்லை. பதில் சொல்லாமல் மழுப்பினால் அந்த வேரியபிளை உங்கள் மாடலில் பூஜ்யமாகப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது, தேதி. இந்திய நிறுவனங்களில் கணக்கு மார்ச்சில் முடிந்து கடிதம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் வரும். வெளிநாட்டு வங்கிகளில் டிசம்பர் கணக்கு, ஆண்டின் தொடக்க மாதங்களில் கடிதம். பணம் வங்கியில் விழும் நாள் இன்னும் பிந்தும். என் இரண்டாவது மும்பை வேலையில் போனஸ் தேதி ஜூன் கடைசி. நல்ல வாய்ப்பு வந்தது என்று ஏப்ரல் முதல் வாரம் ராஜினாமா கொடுத்தேன். நோட்டீஸ் காலம் 90 நாள். ஜூன் முடியும் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தேன். பணம் கொடுக்கும் நாளில் நோட்டீஸில் இருப்பவருக்கு போனஸ் இல்லை என்று கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் இருந்ததாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்தேன். புதிய இடத்தில் ஜாய்னிங் போனஸ் கேட்டு வாங்கியிருந்தால் அந்த இழப்பு தெரிந்திருக்காது. கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் ஓராண்டுக்குள் விலகினால் ஜாய்னிங் போனஸைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணமாக இருக்கும். அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கைக்கு வராத சம்பளம். அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் வருமா? இரண்டாம் ஆண்டிலாவது நான்கைந்து சின்னக் கம்பெனிகளை நீங்களே தனியாகப் பார்க்க விடுவார்களா? வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேச அனுமதி உண்டா? ஃபண்டு நிறுவனங்கள் எந்தத் தரகு நிறுவனம் தமக்கு உதவியது என்று ஓட்டுப் போட்டுத்தான் வியாபாரத்தைப் பங்கிடுகின்றன. அந்த ஓட்டு உங்கள் சீனியர் பெயருக்கு விழுகிறது, ஏனென்றால் அவர் குரலைத்தான் அவர்களுக்குத் தெரியும். ரிசல்ட் சீசனில் காலாண்டு முடிந்த சில வாரங்களுக்குள் எல்லாக் கம்பெனிகளும் முடிவுகளைக் கொட்டும்போது, எண் போடுகிறவர் நீங்கள், பேசுகிறவர் அவர். ஃபிக்ஸடில் 50,000 ரூபாய் கூடக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிடச் சில சமயம் முதல் பக்கத்தில் பெயர் கேட்பது லாபம். அடுத்த வேலைக்கு உங்களைக் கூப்பிடுகிறவர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். சி.எஃப்.ஏ தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் தருமா, தேர்வுக்கு முன் விடுப்பு உண்டா என்பதையும் இந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

நான்காவதாக ஒன்று சொல்ல வேண்டும். பணத்தைவிட இது முக்கியம். உங்கள் சம்பளம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். 2003 ஏப்ரலில் அமெரிக்காவில் 10 பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலர் கட்டி ஒரு வழக்கை முடித்துக்கொண்டன. முதலீட்டு வங்கிப் பிரிவுக்கு வியாபாரம் பிடிப்பதற்காக ஆய்வாளர்கள் பங்குகளைத் தூக்கி எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆய்வாளர்களில் ஜாக் க்ரப்மன் 1.5 கோடி டாலரும் ஹென்றி ப்ளாட்ஜெட் 40 லட்சம் டாலரும் கட்டி, வாழ்நாள் முழுக்கத் துறையை விட்டே விலக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஆய்வாளர் சம்பளத்தில் வங்கிப் பிரிவு தலையிடக் கூடாது என்று ஆனது. நம் நாட்டில் செபியின் 2014 ஆய்வாளர் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன: குறிப்பிட்ட ஒரு வங்கிப் பணியையோ தரகு வியாபாரத்தையோ வைத்து உங்கள் சம்பளத்தை நிர்ணயிக்கக் கூடாது. என்ன அடிப்படையில் கொடுத்தோம் என்று ஆண்டுக்கு ஒரு முறை எழுதிவைத்து மேலிடத்தின் ஒப்புதல் பெற வேண்டும். “அந்த ஐ.பி.ஓ-வை நல்லா எழுதிக் கொடு, வருஷக் கடைசியில பார்த்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அது போனஸ் வாக்குறுதி மாதிரிக் கேட்கும். உண்மையில் அது உங்கள் பெயரில் எழுதப்படும் கடன். அதே விதிமுறைகள், நீங்கள் எழுதும் பங்கை அறிக்கைக்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் வாங்கி விற்கக் கூடாது என்கின்றன. சம்பளம் போதவில்லை, நமக்குத் தெரிந்த பங்கில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே அதைத் தலைமுழுகிவிடுங்கள்.

வீட்டுக் கணக்குக்கு நான் வைத்துக்கொண்ட விதி எளிது. வாடகை, தவணை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் ஃபிக்ஸடுக்குள். போனஸ் வந்தால் முதலில் கல்விக் கடன், பிறகு ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம்மவர்கள். வராத பணத்தை அளக்க முடியாது.

இன்னும் பத்து வருடத்தில் உங்களில் சிலர் அந்த மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து கடிதம் எழுதுவீர்கள். பானை காலியாக இருக்கும் வருடத்தில், காலி என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு வலித்தது பூஜ்யம் இல்லை. ஏன் பூஜ்யம் என்று சொல்ல ஒருவரும் ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை என்பதுதான். மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிய மேஸ்திரிகூட அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அன்று அப்பாவிடம் “பத்து பர்சென்ட்” என்று பொய் சொன்னேன். அதை நம்பி அவர் என் தங்கையின் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தை நான் கடன் வாங்கி அனுப்பினேன். அடைத்து முடிக்க பதினான்கு மாதம் ஆனது.

இந்த ஆண்டு உங்கள் வீட்டிலிருந்தும் அந்தக் கேள்வி வரும். கடிதத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லாதீர்கள். வங்கியில் விழுந்த எண்ணைச் சொல்லுங்கள். விழும் வரை பொறுத்திருந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்